மஞ்சள் பெட்டியில் வேணியின் ரெக்கார்டு

எவனும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். "நீ என்ன வேணும்னா செஞ்சே நல்லையா, எல்லாம் விதி"ன்னு சொல்லிச் சொல்லியே என் வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டாங்க. விதியாவது வெங்காயமாவது. என் தங்கச்சி கமலவேணியோட பாட்டைக் கொன்னது நான்தான். இந்தக் கைதான் ஊசியை எடுத்து வச்சது.

மலாக்காவுல எங்க காஜா பேராங் பக்கம் மைக் செட்டுன்னா நல்லையா செட்டுதான். குழாய் ரெண்டு, ரெக்கார்டு போடுற மிஷின் ஒண்ணு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு வீடு, எதுவா இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. இந்தத் தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. நல்ல காரியத்துக்குப் போடுற ரெக்கார்டுங்க மரப்பெட்டியில இருக்கும். மூடியில மஞ்சள் பூசி குங்குமம் வச்சிருப்பேன். சாவு வீட்டுக்குப் போடுறது ஒரு பழைய பிஸ்கட் தகரத்துல இருக்கும். மஞ்சள் பெட்டியில இருந்து ஒரு ரெக்கார்டு தகரத்துக்குப் போகலாம். தகரத்துக்குப் போனது திரும்பி வரக்கூடாது. ஒரு தடவை என் கையாள் தெரியாம தகரத்து ரெக்கார்டு ஒண்ணைக் கல்யாண வீட்டுல போட்டுட்டான். மாப்பிள்ளையோட மாமன் பந்தக்கால்ல ஏறி குழாயைக் கழட்டிட்டாரு. அவர் செஞ்சது சரின்னுதான் நானே சொன்னேன்.

வேணிக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. அப்பா அம்மா ஜப்பான்காரன் நாட்டைப் புடிச்சிருந்த காலத்துலயே போயிட்டாங்க. அவளுக்கு நான், எனக்கு அவ. எந்த வீட்டுல நலங்கு, எந்த வீட்டுல வளைகாப்புன்னாலும் பாட அவளைத்தான் கூப்பிடுவாங்க. என் மைக்குல அவ பாடினதை ஒரு கல்யாணத்துல கேட்டுட்டு சிங்கப்பூர் ரெக்கார்டு கம்பெனி ஏஜெண்டு ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டாரு. சிங்கப்பூருக்கு பஸ் ஏறிப் போனோம். கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி கரையில விளக்கேத்தி வச்சுக் காத்திருக்கிற பாட்டு. மெட்டு என்னமோ துள்ளலாத்தான் இருக்கும், தாளம் போடாம கேக்க முடியாது. மூணு தடவை பாடினா. மூணாவதை எடுத்துக்கிட்டாங்க. முன்னூறு ரெக்கார்டு அடிக்கிறோம், தீபாவளிக்குள்ள வித்துட்டா அடுத்த பாட்டுக்குக் கூப்பிடுறோம், விக்கலேன்னா இத்தோட சரின்னு ஏஜெண்டு கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

ஐம்பத்தேழு ஜூலையில ரெக்கார்டு வந்துச்சு. நடுவுல சிவப்புத் தாள், அதுல 'மலாக்கா கமலவேணி'ன்னு தமிழ்ல அச்சடிச்சிருந்துச்சு. யூசுப் பாய் தன் கிராமபோன் கடை வாசல்ல அதை மாலை போட்டு வச்சாரு. மூணு வாரத்துல நூத்திச் சொச்சம் போயிடுச்சு. கம்போங் செட்டியில தமிழ் மறந்து மலாய் மட்டும் பேசுற செட்டிங்ககூட வாங்கிட்டுப் போய் அர்த்தம் புரியாமலே முணுமுணுத்தாங்க. அதுக்கு மேல, தமிழர் சங்கத்துச் செயலாளர் கலியாணசுந்தரம் வந்து, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, நாடு சுதந்திரம் வாங்குற மெர்டேக்கா அன்னிக்குச் சாயங்காலம் திடல்ல நடக்கிற நிகழ்ச்சியில வேணி அந்தப் பாட்டைப் பாடணும்னு கேட்டாரு. என் செட்டையும் அன்னிக்கே பேசி வச்சுக்கிட்டாரு. வேணி நீலத்துல ஒரு பட்டுச் சேலை எடுத்தா. ரெண்டாவது பாட்டுக்கு வரிகளை ஒரு நோட்டுல எழுதி வச்சுப் பழக ஆரம்பிச்சா. வீட்டுல சோறு வடிக்கும்போதும் பாட்டுத்தான். நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல.

அப்பத்தான் பொன்னுதுரை ஐயா செத்தாரு. துறைமுக ஆபீஸ்ல கணக்கெழுதுறவங்களுக்கெல்லாம் தலைவரா, பெரிய கிராணியா இருந்து ஓய்வு வாங்கினவரு. வேணி ரெக்கார்டை முதல்ல வாங்கினதே அவருதான். தினம் சாயங்காலம் சாய்வு நாற்காலியில உக்காந்து நாலு தடவையாவது கேப்பாராம். நான் செட்டைக் கட்டிக்கிட்டு இருக்கும்போது அவர் மகன் ஜெயபாலன் கண்ணெல்லாம் சிவந்து வந்து, அப்பாவுக்கு உசுரான பாட்டு, அதைப் போடுங்கன்னு கேட்டான்.

அது மஞ்சள் பெட்டிப் பாட்டு தம்பின்னு சொல்லிட்டேன். அதோட நின்னிருந்தா நான் மனுஷன். ஆனா தலையைத் தூக்கிப் பாத்தேன். வாசல்ல கார் வரிசை. ரப்பர் தோட்டத்துல இருந்து லாரி லாரியா ஜனம். கடை முதலாளிங்களான சீனத் தவுக்கேங்க, செட்டிங்க, ஆபீஸ்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. இத்தனை காது வேற எங்கே கிடைக்கும்னு என் புத்தி கணக்குப் போட்டுச்சு. பேராசை புடிச்ச நாய் நான். மஞ்சள் பெட்டியைத் திறந்தேன்.

ஊரே அழுதுச்சு. பொன்னுதுரை ஐயா சம்சாரம் "விளக்கேத்தி வச்சிருக்கேன், வாங்களேன்"னு அந்த வரியையே சொல்லிச் சொல்லி மாரடிச்சு அழுதாங்க. மூணு தடவை போட்டேன். மூணாவது தடவை முடிஞ்சதும் மைக்கைப் புடிச்சு, பாடியவர் மலாக்கா கமலவேணி, ரெக்கார்டு யூசுப் பாய் கடையில் கிடைக்கும்னு வேற சொல்லித் தொலைச்சேன். பிணத்தை வச்சுக்கிட்டு அதைச் சொன்னேன். இப்ப நினைச்சாலும் நாக்கை அறுத்துக்கலாம்னு இருக்கு.

வீட்டுக்கு வந்து பெருமையா வேணிகிட்டச் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. கை நின்னுடுச்சு. எந்த வீட்டுலன்னு கேட்டா. சொன்னேன்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை சாரதாம்பாள் அக்கா மக வளைகாப்பு இருக்கே"ன்னா. அவளுக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுடுச்சு. மாட்டு மூளை எனக்குத்தான் புரியல.

வியாழக்கிழமையே சாரதாம்பாள் ஆள் அனுப்பிட்டாங்க. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு பயப்படுறா, வேணி பாட வர வேணாம், தப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒரு நலங்கு போச்சு. ஒரு பெயர் வைக்கிற விசேஷம் போச்சு. யூசுப் பாய் கடையில வாங்கினவங்க ரெக்கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து வச்சாங்களாம், வீட்டுல வச்சிருக்க மனசு வரலேன்னு. "எனக்கு இது விளங்கல நல்லையா, பாட்டு பாட்டுதானே"ன்னு சொல்லிக்கிட்டே அவர் வாசல்ல இருந்த மாலையை எடுத்துட்டாரு. அவருக்கு எப்படி விளங்கும்? விளங்கின எனக்கே அன்னிக்கு விளங்காம போச்சே.

ஆனா சாவு வீட்டுல மட்டும் எல்லாரும் அதையே கேட்டாங்க. பொன்னுதுரை ஐயாவுக்குப் போட்ட பாட்டுன்னு அதுக்குப் பேரே வந்துடுச்சு. ரெக்கார்டு உடைஞ்சு போச்சுன்னு பொய் சொன்னேன். அதுக்கென்னன்னு அவங்கவங்க வீட்டுல வாங்கி வச்சிருந்ததைக் கொண்டாந்து கையில கொடுத்தாங்க, போட்டதும் திருப்பி வாங்கிக்கவே இல்ல. தகரம் நிறைஞ்சுடுச்சு. என்னோடதை மட்டும் நான் மஞ்சள் பெட்டியிலயே வச்சிருந்தேன். அந்த ஒண்ணு அங்க இருக்கிற வரைக்கும் இன்னும் எதுவும் முடியலேன்னு எனக்கு ஒரு நினைப்பு.

மெர்டேக்காவுக்கு அஞ்சு நாள் இருக்கும்போது கலியாணசுந்தரம் வந்தாரு. அச்சடிச்ச நிகழ்ச்சித் தாள்ல வேணி பேரை மையால அடிச்சிருந்தாங்க. என் முகத்தைப் பாக்காம, நாடு பொறக்கிற நாளு நல்லையா, கமிட்டியில ஒத்துக்க மாட்டேங்கிறாங்கன்னாரு. வாயில வந்ததையெல்லாம் கேட்டேன். உங்க செட்டும் வேணாம், திடலும் வேணாம்னு கத்தினேன். வேணிதான் உள்ளே இருந்து வந்து, வாக்குக் கொடுத்துட்டேல்ல, போண்ணேன்னா. அவர் போனப்புறம் அந்தத் தாளை எடுத்து நாலா மடிச்சு நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டா.

ஆகஸ்ட் முப்பத்தொண்ணு காலையில லாரியில குழாயை ஏத்திக்கிட்டு இருந்தேன். தெருவெல்லாம் கொடி. அப்போ நகராட்சி லயத்து வரிசை வீட்டுல குடியிருக்கிற தெருக்கூட்டுற மருதமுத்து வந்து நின்னாரு. விடியக்காலையில அவர் சம்சாரம் செத்துப்போச்சு. சாயங்காலம் எடுக்கணும், செட்டு வேணும்னாரு. இன்னிக்கு முடியாதுண்ணே, திடலுக்குப் போகுதுன்னேன். மனுஷன் போகல. வாசல்ல நின்ன வேணியைப் பாத்தாரு.

"தாயி, அவளுக்கு உன் பாட்டுன்னா உசுரு. ரெக்கார்டு வாங்கத்தான் எங்களுக்கு வக்கில்ல. நீயே வந்து ஒரு தடவை பாடுவியா?"

எனக்கு வந்த கோபத்துல, எந்தங்கச்சியை என்ன ஒப்பாரிக்காரின்னு நினைச்சீங்களான்னு அவரைப் புடிச்சுத் தள்ளாத குறையாக் கேட்டுட்டேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட அப்படிப் பேசினேன். அவர் கைகூப்பினாரு.

"இருங்கண்ணே, வர்றேன்"னு அவர்கிட்டச் சொன்னா வேணி. உள்ளே போனா. வரும்போது நீலப் பட்டுச் சேலை கட்டியிருந்தா. வேணாம் வேணின்னேன். "வேற எங்கண்ணே கட்டப்போறேன்"னு கேட்டா. மருதமுத்து பின்னாடியே நடந்து போயிட்டா.

திடல்ல கூட்டம் அலைமோதுச்சு. பிள்ளைங்க கொடியை ஆட்டிக்கிட்டு ஓடுதுங்க. சந்தோஷப் பாட்டா எடுத்து எடுத்துப் போட்டேன். நாலரை மணி, வேணி பேரை அடிச்ச இடம். அங்க வேற ஒரு பொண்ணு ஆடிட்டுப் போச்சு. அத்தனை பேரும் கைதட்டினாங்க. நான் பெட்டிக்குள்ள கையை விட்டு வேணியோட ரெக்கார்டைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். போட்டுடலாமான்னு ஒரு ஆத்திரம் வந்துச்சு. போடல. போட்டிருந்தா அவளைத்தான் ஏசியிருப்பாங்க.

வீட்டுக்கு வந்தப்போ வெளிச்சம் இன்னும் இருந்துச்சு. சாவு வீட்டுக்குப் போய் வந்ததால வேணி தலைக்குக் குளிச்சிருந்தா. நீலச் சேலை கொடியில சொட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. சாயம் போயி தரையெல்லாம் நீலம்.

"மைக் இல்லாமலே கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சாம்ணே"ன்னா. "நல்லாப் பாடினேன். சிங்கப்பூர்ல பாடினதைவிட நல்லாப் பாடினேன்."

நான் குழாய்மேல கையை வச்சுக்கிட்டு நின்னேன். அவ லாரிகிட்ட வந்து மஞ்சள் பெட்டியைத் திறந்தா. எங்க வச்சிருக்கேன்னு தேடவே இல்ல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தன் ரெக்கார்டை எடுத்தா. பிஸ்கட் தகரத்தைத் திறந்து மத்ததுங்களோட அதையும் வச்சா. ரெண்டாவது பாட்டு எழுதின நோட்டைக் கொண்டாந்து அதுமேல வச்சா. வேணாம்னு அவ கையைப் புடிச்சேன்.

"தகரத்துக்குப் போனது திரும்பி வராதுன்னு நீதானே சொல்வே"ன்னுட்டு மூடியை அழுத்தி மூடினா.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல சோறு வடிக்கிற சத்தம் மட்டும்தான்.