தள்ளிச் சுற்றிய கம்பி

காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகிக்குக் காலையிலிருந்தே கடுப்பு. "மேற்சொன்ன சுருளின் மேற்சொன்ன நடுப்பகுதி" என்று முப்பது பக்கம் இழுத்திருந்தான் விண்ணப்பக்காரன். உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஒரே விஷயம்தான். தண்ணீர் ஹீட்டருக்குள் இருக்கும் கம்பியை ஓரங்களில் நெருக்கி, நடுவில் தள்ளித் தள்ளிச் சுற்றினால் நடுவில் கருகாதாம். அட, இதற்கெல்லாமா உரிமை கேட்பார்கள்!

தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா? சட்டம் கேட்பது அவ்வளவுதான். தோன்றும் என்றால் தள்ளுபடி. அவள் கையில் இவனுக்கு முன்பே வெளியான இரண்டு பழைய தாள்கள் இருந்தன. கம்பிக்கு நடுவில்தான் சூடு அதிகம் என்றது ஒன்று. உலைக் கம்பியை இடத்துக்குத் தகுந்தபடி நெருக்கியும் தள்ளியும் சுற்றலாம் என்றது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து நிராகரிப்பை மளமளவென்று தட்டிவிட்டாள். மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் அவளுடைய முந்தைய ஆட்சேபத்துக்கு அவன் அனுப்பிய கடைசிப் பதிலில் ஒரு வரி உறுத்தியது: 'அவ்வளவு சுலபம் என்றால் இத்தனை வருடம் ஒருவரும் ஏன் செய்யவில்லை?' திமிரைப் பார்! ஹீட்டர் பட்டறை நடத்தி, கம்பி கருகிக் கருகியே அதை மூடியவர் அவளுடைய அண்ணன். விண்ணப்பம் ஊரறிய வெளியானதுதான், கேட்டால் தப்பில்லை. போன் போட்டாள்.

"அண்ணா, நடுவுல கருகற கம்பிக்கு நீ என்னதான் செஞ்சே?"

"தடிக் கம்பி போட்டேன், கருகிச்சு. வேற கம்பி போட்டேன், அதுவும் கருகிச்சு. இப்ப எதுக்கு வயித்தெரிச்சலைக் கிளப்பற?"

"நடுவுல மட்டும் தள்ளித் தள்ளிச் சுத்தியிருக்கலாம்ல?"

மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அட கடவுளே! மூலையில ஒரு சின்ன உலை இருந்துச்சே. கதவுப் பக்கம் சூடு பத்தலன்னு அங்க நெருக்கிச் சுத்தினதே நான்தான்மா. தினமும் அதைத் தாண்டித்தானே ஹீட்டர் மேஜைக்குப் போனேன்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் மட்டுமா? எஞ்சினியருக்குப் படித்துவிட்டு, மூன்று வருடம் அதே பட்டறையில் கருகிய கம்பிகளை எண்ணியவள் அவள். உலையும் கண்ணெதிரேதான் இருந்தது. தோன்றவில்லையே! இன்று விடையைக் கையில் வைத்துக்கொண்டு 'எளிதில் தோன்றக்கூடியது' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அண்ணனுக்காக இளகுகிறோமா என்று இரண்டு தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. அந்த முப்பது பக்கக்காரன் சொல்வது நியாயம்தான், என்ன செய்வது! போனைக் காதில் வைத்தபடியே, தட்டியதையெல்லாம் அழித்தாள்.

"அவனுக்கு உரிமை குடுக்கறேன்ணா. தொழில் தெரிஞ்சவனுக்கும் இது சுலபத்துல தோணாதுன்னு எழுதப் போறேன்."

"அப்படியேவா எழுதுவே?"

"அப்படித்தான் எழுதணும்."

"எனக்கு அதுல ஒரு காப்பி குடும்மா."

"உனக்கு எதுக்கு?"

"உங்க அண்ணிகிட்டக் காட்டணும். பட்டறையை மூடின அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை மூளையில்லாதவன்னு சொன்னியே, அதை அவ இன்னும் நம்பிட்டிருக்கா."