தோர்கிலின் கைக்குப் போக வேண்டிய முட்டைக் கிண்ணம்

விபெகே, வெந்த முட்டையை நிறுத்தி வைத்துச் சாப்பிடும் அந்த மர முட்டைக் கிண்ணத்தின் காலில் எண் பொறித்த தகட்டைக் கட்டி, இணையத்தில் அதற்கென்று ஒரு பக்கம் திறந்து, அது போய்ச் சேர வேண்டிய இடத்தை எழுதிய அன்று அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த வயதில் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துத்தான் எழுதினாள்.

"நான் ஒரு முட்டைக் கிண்ணம். என் ஜோடி விபெகேயின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நான் போக வேண்டியது சில்கெபோர் ஊர்க்காரர் தோர்கிலின் கைக்கு. அவர் என்னை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விபெகே வீட்டுக் கதவைத் தட்டினால் முட்டை வெந்திருக்கும். பிடித்திருந்தால் அடுத்த ஞாயிறும் வரலாம். எல்லா ஞாயிறும் வரலாம்."

நேரில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு விபெகேயைத் தெரியாது. நூலகப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திவிடுவாள். தோர்கில் எதிரே வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆறு வருடமாக இருவரும் ஒரே ஜியோகேச் கூட்டம். பாலத்தடியிலும் மரப்பொந்திலும் யாரோ ஒளித்து வைத்த பெட்டிகளைக் கைபேசி காட்டும் திசையில் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். பெட்டிக்குள் இப்படித் தகடு கட்டிய பயணப் பொருள் இருந்தால் எடுத்துப்போய் வேறு பெட்டியில் சேர்த்து, சேர்த்த இடத்தை அதன் பக்கத்தில் பதிவார்கள். ஆறு வருடத்தில் அவளும் தோர்கிலும் பேசியதெல்லாம் பெட்டி, பெட்டிக்குள் மழைத்தண்ணீர், நனைந்த நோட்டு, இவ்வளவுதான்.

தோர்கில் லிஃப்டுகளைச் சோதிக்கிற அதிகாரி. மனைவி பிரிந்து போய்ப் பத்து வருடம் ஆகிறது. விதி என்றால் அவனுக்கு உயிர். பயணப் பொருளைப் பதினான்கு நாளுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டத்தின் மரபு; தோர்கில் நான்கு நாள்கூட வைத்திருக்க மாட்டான். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்பதால் பொருள்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போவான். பிறகு எண்களை வரிசையாகத் தட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டிவிடுவான்: "எடுத்தேன், வைத்தேன், நன்றி." எந்தப் பொருள் எங்கே போக ஆசைப்படுகிறது என்று வாசிக்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. இது அப்போது விபெகேக்குத் தெரியாது.

அவன் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஆற்றுப்பாலத்தடிப் பெட்டியில் கிண்ணத்தை வைத்தாள். இரண்டே நாளில் தோர்கில் எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. அந்த ஞாயிறு அவள் ஆறு மணிக்கே எழுந்து, தலைவாரி, மேசைவிரிப்பை இரண்டு தடவை மாற்றினாள். ஒன்பது அடித்தது. பத்தும் அடித்தது. பதினொன்றுக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், கிண்ணம் நாட்டின் வடக்கு மூலையில், ஸ்காகனில், ஒரு கலங்கரை விளக்கத்தடியில் இருந்தது. எடுத்தேன், வைத்தேன், நன்றி.

அதே கூட்டத்தைச் சேர்ந்த அவள் தோழி யூட்டே ஃபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி. வேண்டாம்னு நாசூக்கா சொல்றாரோ என்னவோ."

"அந்த ஆளுக்கா நாசூக்கு? போடி! அவன் வாசிச்சே இருக்க மாட்டான். நேரா கேட்டுரு."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அப்போ நாங்க பாத்துக்கறோம். நீ வாயத் திறக்காத, அது உனக்கு நல்லாவே வரும்."

யூட்டேயிடம் ரகசியம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. கிண்ணத்தின் பக்கத்தில் கவனிப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தால் அது நகரும்போதெல்லாம் கைபேசிக்குச் செய்தி வரும். எட்டுப் பேர் இருந்த பட்டியல் ஒரு வாரத்தில் அறுபத்தொன்று ஆனது. ஆல்போர்கிலிருந்து ஒரு தம்பதி வேலை மெனக்கெட்டு ஸ்காகனுக்குப் போய்க் கிண்ணத்தை மீட்டு வந்தார்கள். தோர்கிலின் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பெட்டியில் வைத்தார்கள். அவன் மதியமே எடுத்தான். மூன்று நாளில் கிண்ணம் ஸ்வீடனுக்குப் போய்விட்டது.

கோதன்பர்க்கில் யாரோ ஒரு பல்மருத்துவர் பக்கத்தை வாசித்துவிட்டு நெஞ்சுருகி, தன் செலவில் கப்பலேற்றிக் கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை யூட்டே கொஞ்சமும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. தோர்கிலே ஒளித்து வைத்து, தோர்கிலே மாதாமாதம் துடைத்துப் பராமரிக்கிற பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள். அவன் எடுத்தான். அதோடு இரண்டு வாரத்துக்குப் பதிவே வரவில்லை. விபெகே அந்த இரண்டு ஞாயிறும் முட்டை வேக வைத்தாள். இரண்டு முட்டையையும் அவளே தின்றாள்.

பிறகு மே மாதக் கூட்டம் வந்தது. ஏரிக்கரை விடுதியில், சனிக்கிழமை காலை, காபியும் பட்டைப்பொடி தூவிய சுருள் ரொட்டியுமாக எல்லாரும் கூடியிருந்தார்கள். தோர்கில் விடுமுறை முடிந்து, மூக்கு வெயிலில் சிவந்து, நேராக விபெகேயிடம் வந்தான்.

"விபெகே, ஒரு அதிசயம் கேளுங்க! ஒரு முட்டைக் கிண்ணம். எங்க திரும்பினாலும் என் கையிலேயே வந்து மாட்டுது. மூணு தடவ! பாவம், இங்கயே சுத்திச் சுத்தி வருதேன்னு, லீவுல நார்வே போனப்போ எடுத்துட்டுப் போயி பெர்கன் மலை உச்சில வச்சுட்டேன். இனிமே திரும்பி வராது!"

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். யூட்டே ரொட்டியை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். விபெகேக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இத்தனை பெருமையோடு ஒரு மனிதன் தனக்கு வந்த அழைப்பையே கொண்டுபோய் மலையில் விட்டுவிட்டு வந்து நிற்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் இவனைப் பிடித்திருந்தது. நாசமாய்ப் போக, ரொம்பவே பிடித்திருந்தது.

கடையில் தகடு வாங்கினால் ஜோடியாகத்தான் தருவார்கள். ஒன்று பொருளுக்கு, மற்றது அதே எண்ணோடு சொந்தக்காரரிடம் இருக்கும். பொருள் தொலைந்துபோனால் நகல் தகட்டை வேறொரு பொருளில் மாட்டி, அதற்குப் பதிலாக அனுப்புவது வழக்கம். விபெகே பையைத் துழாவி நகல் தகட்டை எடுத்தாள். தன் மழைக்கோட்டின் மேல் பொத்தானில் மாட்டினாள். தோர்கில் முன்னால் போய் நின்றாள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. விரலால் தகட்டைக் காட்டினாள்.

தோர்கில் கடமை தவறாதவன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, எண்ணைக் கைபேசியில் தட்டினான்.

"அட, இது கிண்ணத்தோட நம்பர் இல்ல?"

"வாசி!" என்றாள் யூட்டே பின்னாலிருந்து. "இந்த ஒரு தடவையாவது வாசிச்சுத் தொலை, மனுஷா!"

வாசித்தான். உதடு அசைய வாசித்தான். முடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்தான். காது சிவந்தது, கழுத்து சிவந்தது, மூக்கு ஏற்கனவே சிவந்துதான் இருந்தது.

"மூணு தடவ..." என்றான். "மூணு தடவ என் கைல..."

விபெகே தலையாட்டினாள்.

"நான் பத்து வருஷமா தனியாத்தான் சாப்பிடறேன், விபெகே. ரேடியோவப் போட்டுக்கிட்டு. நீங்க கூட்டத்துல எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு பாத்துட்டுத்தான் நான் உக்காருவேன். பக்கத்துல... பக்கத்துல உக்காரலாமான்னுகூட கேக்கத் தெரியாம..."

கைபேசியில் ஒற்றை விரலால் எதையோ அழுத்தினான். அடுத்த நொடி அந்த விடுதியில் இருந்த கைபேசிகள் அத்தனையும் ஒன்றாக மணியடித்தன. பாத்திரம் கழுவுகிற பெண்ணின் ஏப்ரன் பையில் இருந்ததும்கூட அடித்தது. 'எடுத்துக்கொண்டார்: தோர்கில்' என்று எல்லாத் திரையிலும் வந்திருந்தது. கைதட்டலில் ஏரிக்கரை வாத்துகள் கிளம்பிப் பறந்தன.

தோர்கில் எதையும் காதில் வாங்கவில்லை. அவன் ஏற்கனவே வேறொரு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். பதற்றத்தில் ஒலிபெருக்கியை வேறு அழுத்திவிட்டான்.

"கப்பல் ஆபீஸா? இன்னிக்கு ராத்திரி பெர்கன் கப்பல்ல இடம் இருக்கா? அவசரம். ஒரு கிண்ணத்த எடுத்துட்டு வரணும்."

"எத்தனை பேருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

தோர்கில் நிமிர்ந்து விபெகேயைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான். அவள் மறுக்கவில்லை.

"ரெண்டு பேர்."

"ஒரு ரூமா, ரெண்டு ரூமா சார்?"

தோர்கில், "அது வந்து... முறைப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தான்.

விபெகே அவன் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"ஒண்ணு போதும்," என்றாள், நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும் குரலில்.