தேவை: பூஜ்யம்

எங்கள் மாடியில் நாலு வீடு. பழைய கிடங்கை மாற்றிக் கட்டியது. சுவரின் தடிமனுக்கு மொபைல் சிக்னல் தெரு வாசலோடு திரும்பிவிடும். எல்லோருக்கும் வைஃபைதான் கதி. சாயங்காலமானால் நாலு வீட்டு இணைப்பும் திணறும். பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் கம்ப்யூட்டரைப் பார்த்து "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார். எதிர்வீட்டு வீடியோ எடிட்டர் படத்தை அனுப்ப முடியாமல் பல்லைக் கடிப்பான். கடைசி வீட்டு நர்ஸ், வெளியூர்ப் பிள்ளையின் பாதி முகத்தைப் பார்த்தே பேசி முடிப்பாள்.

நெட்வொர்க் எஞ்சினியர் நான் ஒருத்தி குடியிருக்கும் மாடியில் இந்தக் கூத்தா? நாலையும் ஒன்றாக இணைத்தேன். இணைப்பது சுலபம், பங்கு பிரிப்பதில்தான் குடும்பமே உடையும். அதற்கென்றே ஒரு கணிதம் இருக்கிறது. ஒருவர் வந்து சேர்ந்தால் கூட்டுக்கு எவ்வளவு கூடுகிறது? முதலில் சேர்ந்தால், நடுவில் சேர்ந்தால், கடைசியில் சேர்ந்தால் என்று எல்லா வரிசையிலும் பார்த்துச் சராசரி எடுத்தால் அதுதான் அவர் பங்கு. இன்னொன்றும் உண்டு. பிரிந்து போனால் யாருக்கும் இதைவிட அதிகம் கிடைக்கக் கூடாது. அப்போதுதான் கூட்டு நிற்கும்.

என் தங்கை பிரிந்து போனவள். அம்மா போன பிறகு எங்களுக்குள் வார்த்தை தடித்தது, பேச்சு நின்றது. கணக்குப்படி, நான் இல்லாமல் அவளுக்கு ஏதோ அதிகம் கிடைக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும், பிறகு அழுகை வரும். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை. அவள் கூப்பிட வேண்டும், நான் கூப்பிட மாட்டேன். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒவ்வொரு வீடும் சாயங்காலத் தேவையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பூஜ்யம் என்று போட்டேன். யார் கூப்பிடப் போகிறார்கள்? என் இணைப்புதான் வேகமானது, அதனால் பங்கும் என்னுடையதுதான் பெரிது. தேவை இல்லாததால் அது மற்ற மூன்று வீட்டுக்கும் போனது. ஆளாளுக்கு அவசரம் என்று எண்ணை ஏற்றிவிடுவார்களே என்று, வாரம் ஒருமுறைதான் மாற்றலாம், நான் நினைத்தாலும் இடையில் முடியாது என்ற பூட்டையும் நானே போட்டேன்.

"நீங்க இல்லேன்னா நாங்க அல்லாடியிருப்போம்," என்றார் டீச்சர். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். முகம் தெரிந்தது, இளைத்திருந்தாள். "அக்கா, நான் ஒண்ணு..." என்றாள். படம் நின்றது.

பக்கத்துக் கதவைத் தட்டினேன். "டீச்சர், அஞ்சு நிமிஷம் கிளாஸை நிறுத்துறீங்களா? எனக்கு ஒரு கால்."

"உங்களுக்கா?"

அவர் ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. அதுதான் சுட்டது. உடனே நிறுத்தினார். மிஞ்சியதை எடிட்டரின் படம் விழுங்கியது. பூஜ்யம் என்றவருக்கு மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சினால்தான், நான் எழுதிய விதி அது. படியில் விழுந்தடித்துத் தெருவுக்கு ஓடினேன். சிக்னல் வந்ததும் தங்கையின் செய்தி வந்தது.

"ஒரு வார்த்தை பேசாம கட் பண்ணிட்ட. புரியுதுக்கா."

"நெட் போயிடுச்சுடி," என்று அனுப்பினேன்.

"உன் வீட்டிலயா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. உலகத்தில் எவள் சொன்னாலும் நம்புவார்கள், நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

பூட்டு திறந்த அன்று பூஜ்யத்தை அழித்தேன். ஒரு வீடியோ காலுக்குக் கொஞ்சம் போதும், எனக்குத் தெரியாதா? இருந்தும் என் பங்கு முழுவதையும் கேட்டேன். சாயங்காலம் மூன்று வீடும் திணறின. டீச்சர் கதவைத் தட்டினார்.

"யாரோட பேசிட்டிருக்கீங்க?"

"இன்னும் யாரோடயும் இல்ல."

என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். மேஜை மேல் டம்ளரில் சாய்த்து வைத்த போன், எதிரே என் நாற்காலி.

"சரி, கிளாஸை நான் காலையில வெச்சுக்கறேன்," என்றார்.

கணக்குப்படி அவர் அந்த நிமிடமே எங்கள் கூட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போகக் கூடாதவள்தான் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.