போதுமான விறகு

1

இந்தக் கதை எனக்கு சவுனாவில், எங்கள் ஊர் நீராவிக் குளியலறையில், கிடைத்தது. அதுவும் பாதிதான். எங்கள் ஊரில் பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் ஹில்க்கா சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, சூடான கற்கள்மேல் தண்ணீரை ஊற்றினாள். ஆவி அடங்கியபோது அவள் இல்லை. மீதியை எழுதிப் பார்க்கிறேன்.

2

'வெண்பனி போர்த்திய அந்த அடர்வனத்தின் தனிமையில்...'

வேண்டாம். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.

ஹில்க்கா காட்டுக் குடிலில் தனியாக இருந்தாள். அடுப்பு எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, புருவமெல்லாம் பனியோடு தங்கை எய்ரா உள்ளே வந்தாள்.

எய்ரா தெற்கே போய்ப் பல வருடமாகிறது. கோடையில் படகுக்கு, பிறகு காளானுக்கு, குளிரில் சறுக்க என்று வந்துகொண்டுதான் இருக்கிறாள். தங்குவது ஹோட்டலில். பிறந்த ஊரில், அக்கா வீடு இருக்கும்போது. ஹில்க்கா அவளோடு பேச்சை நிறுத்தியது அதனால்தான்.

"நீயா?"

"நான்தான். வேற யாராவதுன்னா காபி குடுத்திருப்பியோ?"

"கெட்டில்ல இருக்கு. ஊத்திக்கோ."

[அக்கா இங்கே இருப்பது தெரிந்தே எய்ரா வந்தாளா? அவள் பையில் இரண்டு மரப்பட்டை மாவு ரொட்டிகள் என்று எழுதினேன். ஒன்று என்று திருத்தினேன். மறுபடியும் இரண்டாக்கிவிட்டேன்.]

எங்கள் காட்டுக் குடில்கள் வழிப்போக்கர் எல்லோருக்கும் பொது; பூட்டு கிடையாது. வழக்கம்தான் உண்டு: கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை. இடம் போதாவிட்டால், முன்பே வந்து இளைப்பாறியவர் எழுந்து போக வேண்டும்.

ஹில்க்கா மூட்டையைக் கட்டினாள். "எடம் உன்னோடது. வழக்கம் ஞாபகம் இருக்கா, இல்ல ஹோட்டல்ல மறந்துட்டியா?"

"நாலு பேர் படுக்கலாம்க்கா இங்க!"

"நான் குறட்டை விடுவேன்."

"தெரியாதா? சின்ன வயசு பூரா உன் பக்கத்துலதானே படுத்தேன்."

3

இந்த இடத்தில் ஹில்க்காவை நான் நம்பவில்லை. வழக்கத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 'என் வீட்டுக்கு ஏன் வரல?' என்று கேட்டு, பதிலுக்காக முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஒருவேளை அவள் பயப்படுவது அந்தப் பதிலுக்குத்தானோ என்று...

ஆனால் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. போகிறவர், இருப்பவருக்கு விறகு வெட்டி வைக்காமல் போகக் கூடாது. ஹில்க்கா கோடரியோடு வெளியே போனாள்.

4

விறகை அடுக்கிவிட்டு அவள் சறுக்கிப் போய்விடுகிறாள் என்று முடிக்கலாம். மிகச் சரியாகப் பொருந்துகிறது, அதனாலேயே பிடிக்கவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்களா? எங்கள் ஊர்ப் பெண்களா! போங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹில்க்கா வெட்டுகிறாள். ஓர் இரவுக்கு வேண்டியது எப்போதோ சேர்ந்துவிட்டது. இன்னும் வெட்டுகிறாள். எய்ரா வாசலில் வந்து நிற்கிறாள்.

"போதும்க்கா. காடே காலியாயிடும்."

"குளிரும்டி."

"ஒருத்திக்கு எதுக்கு இவ்வளவு?"

கோடரி மேலேயே நிற்கிறது.

சவுனாவில் ஹில்க்கா தண்ணீர் ஊற்றியது இங்கேதான். நான் கேட்கவில்லை. அந்தக் குவியலைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள், அது ஒருத்திக்கா, இருவருக்கா?