ஸ்பீக்கர் மாற்றிய லேப்டாப்

இறந்துபோன மனைவியின் லேப்டாப்பைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். பிழையைத் திருத்துவாரே ஒழியப் பக்கத்தைக் கிழிக்க மாட்டார். அந்த லேப்டாப்பில்தான் அவள் வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பிறகு அது அலமாரியில் கிடந்து, பேட்டரி உப்பி, மூடிகூடச் சரியாகப் பொருந்தவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்ததும் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார்.

மெக்கானிக் அடிப்பக்கத்தைக் கழற்றினார். ஃபேனில் பஞ்சு பஞ்சாகத் தூசி. அதில் ஒரு நீளமான முடி சுற்றிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். இவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆள் கெட்டிதான் சார். ரேம் கூட்டிடலாம். பழைய டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா பறக்கும். பேட்டரி மாத்தியே ஆகணும். ஸ்பீக்கர் செத்து ரொம்ப நாளாகியிருக்குமே, கவனிக்கலையா?"

"அவ எப்பவும் ஹெட்போன்தான் மாட்டியிருப்பா."

"அதையும் மாத்திடறேன்."

"உள்ள அவ வச்சிருந்தது எல்லாம்?"

"ஒண்ணு விடாம புது டிஸ்க்குக்கு வந்துடும் சார்."

வீட்டில் மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். "அப்பா, என் ஃப்ரெண்டு புதுசா வாங்கினதுகூட இவ்ளோ வேகமில்லப்பா!" என்று குதித்தாள். அவர் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். ஜன்னலில் சாயங்கால வெயில் இன்னும் போகவில்லை.

"இன்னைக்காவது அவர்கிட்ட சொல்லிடு. பயப்படாத."

மனைவியின் குரல். பக்கத்தில் நின்று சொன்னது போல, அத்தனை தெளிவு.

கத்தி கீழே விழுந்தது. மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திரையில் ஒரு சின்ன நினைவூட்டல் கட்டம் நின்றது. மனைவி தன் குரலிலேயே பதிவுசெய்து, தினமும் வகுப்பு முடியும் நேரத்துக்கு வைத்திருந்திருக்கிறாள். ஹெட்போனுக்குள் அவள் காதுக்கு மட்டும் கேட்ட குரல்.

"என்னப்பா சொல்லணும் அம்மா?"

அவருக்குத் தெரியவில்லை. கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். அக்காவும் தங்கையும் தங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். அவள் மறுநாள் நேரில் வந்தாள். அந்தக் குரல் வரும்வரை மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வந்தது. கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கட்டி இருக்குன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே அக்காவுக்குத் தெரியும் மாமா. அப்பத்தான் உங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரில்ல? அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் சொல்றேன்னா. நீங்க நடந்தீங்க. வேலைக்குக்கூடப் போனீங்க. அவளுக்குத்தான் வாய் வரலை. தினமும் நாளைக்கு, நாளைக்குன்னா."

அந்த நாட்களில் அவள் பக்கத்து அறையில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வருவாள். வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். "டீ போடட்டுமா?" என்பாள். அவரும் "போடு" என்பார். என்ன விஷயம் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

கொழுந்தியாள் போனதும் மகளே அந்த நினைவூட்டலை நிறுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

நிறுத்தியும் பயனில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்துக்கு அவர் கை தானாக நின்றுவிடும். மகள் தேவையில்லாமல் குழாயைத் திறந்துவிடுவாள். ஒருநாள் அவர் குழாயை மூடிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்லாம வச்சிருக்கறது ஏதாவது இருக்கா கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா." சட்டென்று வந்தது பதில்.

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் விரல் நகத்தைக் கடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தூக்கமே வரலப்பா. கண்ணை மூடினா அம்மா கதவுகிட்ட நிக்கிறா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் அவர்.