நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸ்

ஹாலந்திலிருந்து ஆனெகே அம்மா போனில் பேசினாள். ஜனவரியில் கணவரோடு எங்கள் பொனேர் தீவுக்கு மறுபடி வருகிறாளாம். பத்து நாளும் எந்தெந்தக் கரையில் இறங்கி முக்குளிக்கலாம் என்று நான் முக்குளிப்புக் கடையில் உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வண்டியைப் பூட்டிட்டு இறங்கலாமா?" என்று கேட்டாள். அதைக் கடைக்காரியிடம் திருப்பிக் கேட்டேன்.

கடைக்காரி சொராய்தா காற்று சிலிண்டரை உருட்டியபடியே சொன்னாள்: "பூட்டினா கண்ணாடியை உடைப்பானுங்க. கதவைத் திறந்தே போடச் சொல்லு. வண்டியிலயோ கரையிலயோ ஒண்ணும் வைக்க வேணாம், செருப்புகூட."

நான் அப்படியே சொன்னேன். ஆனெகே அம்மா சிரித்தாள்.

"ஆமாப்பா, போன தடவை இவரோட பூட்ஸைக் கரையில விட்டோம், போச்சு. வெறுங்காலோட பவளக்கல்லு மேல நடந்து பாதம் கிழிஞ்சிடுச்சு. மிச்சம் நாலு நாளும் தண்ணியில இறங்கலை. நாற்பத்தாறாம் நம்பர். அவ்வளவு பெருசு யாருக்குப்பா சரியா இருக்கும்?"

எனக்கும் பெரிதாகத்தான் இருந்தது. முனையில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டேன். அப்போது உப்பளத்தில் வேலை. உப்புத் தண்ணீரில் என் காலும் வெடித்துக் கிடந்தது. அதை ஒரு நியாயமாக அன்று நினைத்தேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொராய்தா பக்கத்தில் நின்றாள்.

"பத்து நாளும் நானே வந்து கரையில உக்காந்துக்கறேம்மா. காசு வேணாம்" என்றேன்.

சொராய்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில குடிச்சிட்டு வந்தியாடா, ருட்செல்?"

"உன்னை மாதிரி நல்ல மனுசங்களும் அங்க இருக்கீங்களே" என்றாள் ஆனெகே அம்மா.

தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே என் பெயரை எழுதினேன். மேசைக்கு அடியில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்த பூட்ஸ் இன்னும் என் காலில்தான் இருந்தது.