பாய்மரம் வைத்த சக்களத்தி

ஆஷிகாவுக்குச் சக்களத்தி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வெள்ளை உடம்பு, இடுப்பில் நீலக் கோடு, குடியிருப்பது கொச்சியில். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற மனுஷன் பாய்மரப் படகு வாங்குவான் என்று யார் கண்டது? அவள் புருஷன் தௌபீக் வாங்கினான். சரக்கு விஷயமாகக் கொச்சிக்குப் போனவன், வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும் அவசரத்தில் விற்க நிறுத்தியிருந்த பழைய படகைப் பார்த்து மயங்கி, கையோடு பேசி முடித்துவிட்டு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஏலக்காய் ஏலம் விடாத நாளெல்லாம் ஜீப் போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாகக் கொச்சிக்கு இறங்கியது. வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவன் அங்கே போய் அதன் அடிவயிற்றுப் பாசியை மண்டிபோட்டுச் சுரண்டினான். அதன் மரச்சட்டங்களுக்கு உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்தான். ஒருநாள் அவன் செல்போனை எடுத்துப் பார்த்தாள் ஆஷிகா. படகு முன்னால், படகு பின்னால், படகு வெயிலில், படகு மழையில். தன் படம் வருமா என்று விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனாள். பெருநாளைக்கு எடுத்தது ஒன்று வந்தது. அதிலும் பாதி முகம்தான் இருந்தது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? மாமியார் மைதீன் பீவியிடம் ஒருமுறை சொல்லி அழுதாள். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, படகுதானே என்று அந்தம்மா ஏலக்காயில் தூசி புடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். படகு என்பதால்தான் எரிகிறது என்று அவரிடம் எப்படி விளக்குவது? மனுஷியாக இருந்தால் தெருவில் இழுத்து வைத்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆக, ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே ஒருமுறை அவனோடு கடலுக்குப் போவது. பயந்து நடுங்கிவிட்டேன், நான் வேண்டுமா இது வேண்டுமா என்று கேட்டு அதை விற்க வைத்துவிடுவது. உண்மையில் அவள் பயப்படுகிற ஜாதி இல்லை. அவள் அத்தா மலை எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பை, கல்யாணத்துக்கு முன்பே போடிமெட்டு வளைவுகளில் ஓட்டியவள் அவள். அத்தா சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பிரேக் போனாலும் சரி, மூடுபனியில் கண் தெரியாமல் போனாலும் சரி, மலைப்பக்கமாக ஒட்டிவிடு. பாறை ஜீப்பை நசுக்கும், பள்ளம் ஆளையே கேட்கும். அந்தப் பாடம் அவள் மூளையில் இல்லை, கையில் இருந்தது.

மே மாதக் கடைசியில் போனார்கள். கூட வருகிறேன் என்றதும் தௌபீக்குக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுக வாயைத் தாண்டிக் கரை பின்னால் போன பிறகு, சுக்கானை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித்தந்தான். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் திரும்பும் விசித்திரத்தை அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அலையில் படகு தூக்கிப்போட்டபோது, "மெதுவாடி, மெதுவா" என்றான். தன்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பினாள். அவன் கை படகின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அவள் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. படகை அங்கேயே ஓட்டை போட்டு மூழ்கடித்தால் என்ன என்று தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் மேற்கே வானம் கறுத்தது. அவன் எதிர்பார்த்ததைவிட வெரசாக வந்தது காற்று. மழை சாய்வாக அடித்தது. பாயைச் சுருக்கப் போகிறேன், மூக்கைக் கடல்பக்கமே வைத்துக்கொள், என்ன ஆனாலும் கரைக்குத் திருப்பாதே என்று சொல்லிவிட்டு, பாய்மரத்தடிக்கு ஏறினான். பாய் பாதியாகச் சுருங்கியது. ஆனால் அலை ஒவ்வொன்றும் வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பியது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மழைக்குள் தென்னைமரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவள் யோசிக்கவில்லை. கை தானாக மலைப்பக்கம் தேடிச் சுக்கானைத் தள்ளியது.

படகு கரையைப் பார்த்துத் திரும்பியது. காற்று முதுகுப்பக்கம் மாறியதும், பாயின் அடியைத் தாங்கும் கட்டை ஒரே வீச்சில் மறுபக்கம் பாய்ந்தது. அது தௌபீக்கின் தோளில் அடித்து, அவனை அவள் காலடியில் கொண்டுவந்து போட்டது. எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. படகு கரையை நோக்கி ஓடியது. எதிரே மணல்திட்டின் மேல் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அடியில் எதுவோ தட்டி, படகு முழுக்க ஒருதரம் குலுங்கியது.

தௌபீக் முகம் வெளுத்துக் கிடந்தான். எழ முடியவில்லை. ஆனால் யார் மகளிடம் எப்படிப் பேசவேண்டும் என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆஷி, இங்க கரைதான் பள்ளம். கடல்தான் மலைப்பக்கம். ஒட்டு."

அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பல்லைக் கடித்துச் சுக்கானைத் தள்ளினாள். படகு முனகிக்கொண்டு திரும்பியது, ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரை அள்ளியது, பிறகு நிமிர்ந்து கடலுக்கு முகம் கொடுத்தது. ஒவ்வொரு அலைக்கும் மூக்கை நுழைத்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வந்தது. அவள் சுக்கானை ஒரு விரல் அசைத்தால் அதுவும் ஒரு விரல் அசைந்தது. எந்த ஜீப்பும் அவள் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. உப்புத்தண்ணீர் கண்ணில் எரிய, தன்னையறியாமல் அவள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். மெதுவாடி, மெதுவா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். காற்று ஓய்ந்து, படகிலிருந்த சின்ன எஞ்சினைப் போட்டுத் துறைமுகத்துக்குள் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

தோளில் கட்டுப் போட்டுப் போடிக்கு வந்தான் தௌபீக். நலம் விசாரிக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், படகு ஆட்டிவிட்டது, விழுந்துவிட்டேன் என்றான். பொண்டாட்டியைக் காட்டிக்கொடுக்காத நல்ல மனசுதான். ஆனால் பழியெல்லாம் படகின் தலையில் விழுவது ஆஷிகாவுக்கு உறுத்தியது. அது என்ன செய்தது, பாவம். ஒருநாள் சோறு பிசைந்து கொடுக்கும்போது, அவள் கேட்காமலேயே அவன் சொன்னான், அதை விற்றுவிடுகிறேன் என்று. உன்னைவிட எனக்கு அது பெரிதில்லை என்றும் சொன்னான். ஒன்றரை வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். சோறு பிசைந்த கைதான் காய்ந்துபோனது.

மதுரையிலிருந்து அன்புச்செல்வன் என்ற ஓட்டல்காரர் வாங்க வந்தார். கட்டு இன்னும் அவிழ்க்காததால் தௌபீக்கை ஏற்றிக்கொண்டு ஆஷிகாவே ஜீப்பை ஓட்டிக் கொச்சிக்கு வந்தாள். மழை விட்டிருந்த காலை நேரம், மூவருமாகக் காயலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அவர். மோசமான மனுஷராக இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், விஷயம் தெரிந்தவராகப் பாயை ஏற்றினார், சுக்கானை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தார். படகு அவருக்கும் அப்படியே வளைந்து கொடுத்தது. அவர் விரல் அசைத்த பக்கமெல்லாம் சிணுங்காமல் போனது.

ஆஷிகா படகை முறைத்தாள். எவன் தொட்டாலும் இப்படித்தான் போவாயா? அன்றைக்கு அந்த மழையில் என் கைக்குக் கட்டுப்பட்டதெல்லாம் என்ன? படகு துறைக்குத் திரும்பும் வரைக்கும்கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"இது விக்கிறதுக்கு இல்லண்ணே. கைய எடுங்க."

அவர் திகைத்து எழுந்துகொண்டார். ஆஷிகா உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். தௌபீக் அவள் பக்கமாகக் குனிந்தான்.

"என்ன புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"உங்ககிட்ட எதுக்கு மச்சான் கேக்கணும்?"

அவள் கண் பாயைவிட்டு இறங்கவில்லை, விரல்கள் மரத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன. கட்டுப்போட்ட கையோடு தௌபீக் அவளையும் படகையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை ஓரக்கண்ணால் கவனித்த ஆஷிகாவுக்கு அது புதிதாக இல்லை. ஒன்றரை வருஷமாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த முகம்தான் அது.